திரள்வது வேறு, உறைவது வேறு

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் மாணவர்கள் ஆவலோடு எதிர்பார்க்கும் வகுப்பு ஒன்று உண்டு. கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளையும் மண்புழுவின் உடற்கண்டங்களையும் வரைந்து பழகிய கைகள், அன்று தம் விரல் நுனியிலிருந்தே ஒரு துளி எடுத்துப் பார்க்கின்றன. அதுதான் ரத்த வகை கண்டறியும் சோதனை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், விடையும் கையோடு கிடைத்துவிடும். ஆனால், ‘அந்த வெள்ளை டைலின்மேல் இப்போது என்ன நடந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். சோதனையைப் பிழையில்லாமல் செய்து முடித்தவர்களில்கூடப் பலர் ஒரே தவறான பதிலைச் சொல்வார்கள். அந்தப் பதில் எது, அது ஏன் தவறு, சரியானது எது என்பதை டீ குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் மேசைமேல் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். சொட்டுக்குழாய் வைத்த மூன்று சின்னக் குப்பிகள். நீலத் திரவம் உள்ளது ஆன்டி-ஏ. மஞ்சள் நிறம் ஆன்டி-பி. நிறமே இல்லாதது ஆன்டி-டி. நீலமும் மஞ்சளும் குப்பி மாறிவிடாமல் இருக்கக் கலந்த சாயங்கள். சோதனையில் அவற்றுக்கு வேலை எதுவும் இல்லை. வேலை செய்வது அந்தத் திரவத்தில் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதம். அதற்கு ஆன்டிபாடி என்று பெயர். பாடநூல்களில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்பீர்கள். வெப்பத்தில் அது வீரியம் இழந்துவிடும் என்பதால் குப்பிகளை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்து, வகுப்புக்குச் சற்று முன்பு வெளியே எடுப்பார்கள்.

குப்பிகளோடு ஸ்பிரிட் நனைத்த பஞ்சு, உறை பிரிக்காத லான்செட்டுகள், பல்குச்சிகள், வெள்ளைப் பீங்கான் டைல் அல்லது கண்ணாடி ஸ்லைடு. இடது கை மோதிர விரலின் நுனியில், நடுப்பகுதியை விட்டுச் சற்றுப் பக்கவாட்டில், ஸ்பிரிட்டால் துடைக்கிறோம். அங்கே வலி குறைவு. ஸ்பிரிட் முழுதாகக் காயும்வரை பொறுக்க வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், ரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைத்தும்விடும். லான்செட்டால் ஒரே குத்து. முதலில் வரும் துளியைப் பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்து வருவதை டைலில் மூன்று இடங்களில் வைக்கிறோம்.

இங்கே ஒரு கண்டிப்பு. ஒருவரைக் குத்திய லான்செட் இன்னொருவர் விரலைத் தொடவே கூடாது. ஹெபடைட்டிஸ்-பி, எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் பரவ அந்த ஒரு தவறு போதும். ஒருவருக்கு ஒரு லான்செட், குத்தியதும் அதை ஊசிகளுக்கென்றே வைத்திருக்கும் தடித்த டப்பாவில் போட்டுவிட வேண்டும். அடுத்தவர் ரத்தத்தைக் கையுறை இல்லாமல் தொடவும் கூடாது.

இப்போது முதல் துளிக்கு ஆன்டி-ஏ ஒரு சொட்டு, இரண்டாவதற்கு ஆன்டி-பி, மூன்றாவதற்கு ஆன்டி-டி. சொட்டுக்குழாயின் முனை ரத்தத்தில் பட்டுவிடாமல் மேலிருந்து விட வேண்டும். பட்டுவிட்டால் அந்தக் குப்பியை நம்ப முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பல்குச்சியால் கலக்கிச் சிறு வட்டமாகப் பரப்புகிறோம். ஒரே குச்சியை மூன்றிலும் விட்டால் ஒரு துளியின் மருந்து அடுத்த துளிக்குள் போய்விடும், விடை குழம்பிவிடும். பிறகு டைலைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியுமாக மெல்லச் சாய்க்கிறோம். இரண்டு நிமிடத்துக்குள் விடையைப் படித்துவிட வேண்டும். இந்த இரண்டு நிமிடக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உங்களுடையது பி பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்வோம். ஆன்டி-ஏ விட்ட துளியில் எந்த மாற்றமும் இருக்காது. நீலத்தோடு கலந்து சற்று இருண்ட, ஒரே சீரான சிவப்பாகத் தெரியும். சாய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆன்டி-பி விட்ட துளியைக் கவனியுங்கள். சில நொடிகளில் அதில் மணல் தூவியதுபோன்ற செங்கல் நிறப் புள்ளிகள் தோன்றுகின்றன. சாய்க்கச் சாய்க்க அவை பக்கத்தில் இருப்பவற்றோடு சேர்ந்து பெரிதாகின்றன. கொஞ்ச நேரத்தில் சிவப்புக் கட்டிகள் தனித்தனியாக நகர, அவற்றுக்கு இடையில் திரவம் தெளிந்து, அடியிலிருக்கும் பீங்கானின் வெள்ளை தெரியத் தொடங்குகிறது. ஆன்டி-டி துளியிலும் இதே காட்சிதான்.

‘சார், ரத்தம் உறைஞ்சிடுச்சு!’ இந்த இடத்தில் ஆய்வகத்தில் எழும் குரல் இதுதான். ரெக்கார்ட் நோட்டிலும் ‘ஆன்டி-பி சேர்த்ததும் ரத்தம் உறைந்தது’ என்று எழுதிவிடுவார்கள். ஆய்வகத்துக்கு வெளியிலும் இதே எண்ணம் பரவலாக இருக்கிறது. ‘குரூப் மாற்றி ஏற்றினால் உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் உறைந்துபோகும்’ என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். நாம் தேடி வந்த தவறான பதில் இதுதான். டைலில் ரத்தம் உறையவில்லை, சிவப்பணுக்கள் திரண்டிருக்கின்றன. இரண்டும் பார்வைக்குச் சிவப்புக் கட்டியாகத் தெரிவதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் இரண்டும் அடியோடு வெவ்வேறு வேலைகள்.

சமையலறையில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பாலில் உறை ஊற்றி வைத்தால் அந்தப் பால் முழுவதுமே மாறிவிடுகிறது. நேற்று ஓடிய திரவம் இன்று தயிராகப் பாத்திரத்தோடு நிற்கிறது. கேழ்வரகு மாவைக் கொதிக்கும் தண்ணீரில் அவசரமாகக் கொட்டினால் நடப்பது வேறு. மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டுகின்றன. கட்டிகளுக்கு நடுவில் இருக்கும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. ரத்தம் உறைவது தயிர் உறைவதைப் போல, மாறுவது திரவம். டைலில் நாம் பார்ப்பது மாவு கட்டி தட்டுவதைப் போல, ஒட்டிக்கொள்வது துகள்கள்.

உறைதலை முதலில் முடித்துவிடுவோம். ரத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக இருப்பது பிளாஸ்மா என்னும் வெளிர்மஞ்சள் திரவம். மீதியில் பெரும்பகுதி சிவப்பணுக்கள். ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 50 லட்சம் இருக்கும். அடிபட்டு ரத்தக் குழாய் கிழிந்தால், பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜென் என்ற புரதம், ஃபைப்ரின் என்ற கரையாத இழைகளாக மாறுகிறது. இதற்குத் தட்டணுக்களின் உதவி வேண்டும், கால்சியம் கட்டாயம் வேண்டும். அந்த இழைகளின் பின்னலில் சிவப்பணுக்கள் மாட்டிக்கொள்கின்றன. அவை அங்கே அகப்பட்டவை, அவ்வளவுதான். வேலையைச் செய்வது பிளாஸ்மா.

திரட்சியில் கதை சிவப்பணுவின் மேற்பரப்பில் நடக்கிறது. சிவப்பணு என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஏழு பங்கு அகலமுள்ள, நடுவில் குழிந்த சிறு வட்டு. அதன் மேல்தோலில் சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த குட்டையான சங்கிலிகள் லட்சக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. டீயில் போடும் சீனியின் உறவுக்காரச் சர்க்கரைகள்தாம் இவை. அந்தச் சங்கிலியின் கடைசியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதுதான் உங்கள் ரத்த வகை. நம்மை ஏ, பி என்று பிரிப்பது அத்தனை சிறிய விஷயம்.

ஏறக்குறைய எல்லோருடைய சங்கிலியும் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரையோடு முடிகிறது. இந்த அடிப்படை வடிவத்துக்கு எச் என்று பெயர். ஏ வகையினரின் உடலில் இருக்கும் ஒரு நொதி, அதன் அருகே என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற சர்க்கரையைக் கூடுதலாகச் சேர்க்கிறது. பி வகையினரின் நொதி அதே இடத்தில் கேலக்டோஸைச் சேர்க்கிறது. இரண்டு நொதிகளும் இருந்தால் ஏபி. ஓ வகையினரிடம் அந்த நொதி வேலை செய்வதில்லை. ஒன்பதாவது குரோமோசோமில் அதற்கான மரபணுவில் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போனதுதான் காரணம். அதனால் அவர்களுடைய சங்கிலி வெறும் எச்சோடு நின்றுவிடுகிறது. இப்படி மேற்பரப்பில் அடையாளமாக நிற்கும் பொருளுக்கு ஆன்டிஜென் என்று பெயர்.

இனி குப்பிக்குள் இருக்கும் ஆன்டிபாடியைப் பார்ப்போம். ஆன்டி-ஏ குப்பியில் இருப்பது, ஏ சர்க்கரையை மட்டும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் புரதம். வேறு எதைக் கண்டாலும் விட்டுவிடும். ஆன்டிபாடிகளில் பல வகை உண்டு. குப்பியில் உள்ளது ஐஜிஎம் என்ற பெரிய வகை. அதற்குப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் மொத்தம் பத்து. ஆகவே ஒரே ஐஜிஎம்மால் ஒரு முனையில் ஒரு சிவப்பணுவையும் மறுமுனையில் இன்னொன்றையும் பிடித்துக்கொள்ள முடியும். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை சாதாரணமாக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே மிதக்கும். அந்த இடைவெளியைத் தாண்டி எட்டிப் பிடிக்கும் நீளம் ஐஜிஎம்முக்கு உண்டு. இப்படி ஒன்றோடொன்று, அதனோடு மற்றொன்று என்று லட்சக்கணக்கான அணுக்கள் சேர்ந்தால்தான் நம் கண்ணுக்கு ஒரு செங்கல் நிறப் புள்ளி தெரிகிறது.

இப்போது டைலைப் படிப்பது சுலபம். ஆன்டி-ஏ துளி திரண்டால் அணுவின்மேல் ஏ சர்க்கரை இருக்கிறது. ஆன்டி-பி துளி திரண்டால் பி இருக்கிறது. இரண்டும் திரண்டால் ஏபி. இரண்டும் திரளாவிட்டால் ஓ. மூன்றாவது துளி திரண்டால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். திரட்சி என்பதை ‘இருக்கிறது’ என்ற பதிலாகப் படியுங்கள். உறைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ‘ஆன்டி-ஏ பட்டதும் ரத்தம் கெட்டுவிட்டது, ஆக ஏ எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நான் ஏ இல்லை’ என்று நேர் எதிரான முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

உறையவில்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம்? ஆய்வகத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் இ.டி.டி.ஏ. என்ற உப்பு தடவியிருக்கும். அது ரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அந்த ரத்தம் மணிக்கணக்கில் உறையாது. அந்தக் குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து டைலில் வைத்து ஆன்டி-பி விட்டுப் பாருங்கள். விரலிலிருந்து எடுத்த துளியைப் போலவே கட்டி கட்டியாகத் திரளும். உறையவே முடியாத ரத்தம் திரள்கிறது என்றால் இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது.

இன்னும் ஒரு படி போகலாம். ரத்த வங்கிகளில் சிவப்பணுக்களை உப்புக் கரைசலில் கழுவுவார்கள். சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மேலே தெளியும் திரவத்தை ஊற்றிவிட்டு, மறுபடி உப்புக் கரைசல் விட்டு, இப்படி மூன்று முறை. முடிவில் பிளாஸ்மா போய்விடும்; உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜெனும் அதோடு போய்விடும். எஞ்சுவது உப்புநீரில் மிதக்கும் சிவப்பணுக்கள் மட்டும். அவற்றிலும் ஆன்டிபாடியைச் சேர்த்தால் திரட்சி வருகிறது. சொல்லப்போனால், முறையாகச் செய்யும் சோதனைகளில் கழுவிய அணுக்களைத்தான் விரும்பிப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது சாட்சி, நாம் மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்ன இரண்டு நிமிடம். திரட்சி நொடிகளில் தொடங்கிவிடும். விரலிலிருந்து எடுத்த ரத்தம் உறைவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். டைலை அப்படியே பத்து நிமிடம் மேசையில் விட்டுவிட்டால், ஆன்டி-ஏ துளி, ஆன்டி-பி துளி என்ற பேதமில்லாமல் எல்லாமே தடித்துவிடும். உறைதலுக்கு எந்த வகை என்ற கவலை இல்லை. திரட்சிக்கோ அது ஒன்றுதான் கவலை. அதனால்தான் இரண்டு நிமிடத்துக்குள் படி என்கிறார்கள். தாமதித்தால் உறைதலும் உலர்தலும் வந்து விடையை மறைத்துவிடும்.

உலர்தல் நம் ஊர் ஆய்வகங்களில் பெரிய தொல்லை. ஏப்ரல் வெயிலில், மேலே மின்விசிறி சுற்றும்போது, துளியின் ஓரங்கள் மளமளவென்று காய்ந்து மணல்மணலாகத் தெரியும். ஓ வகை மாணவர் தன்னை ஏபி என்று எழுதிக்கொள்வது பெரும்பாலும் இந்த மாயத்தோற்றத்தால்தான். விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓரத்தை விட்டுவிட்டுத் துளியின் நடுவைப் பாருங்கள். நான்காவதாக ஒரு துளி ரத்தத்தில் வெறும் உப்புக் கரைசலை விட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அது எப்படி இருக்கிறதோ அதுதான் திரளாத துளியின் தோற்றம். சந்தேகம் வரும்போது அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சோதனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்ற 19ஆம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவர்கள் முயன்றார்கள். லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் 1818இல் மனிதரிடமிருந்து மனிதருக்கு ஏற்றிப் பார்த்தார். சிலர் பிழைத்தார்கள், சிலர் இறந்தார்கள், ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒருவருடைய சீரம் மற்றவருடைய சிவப்பணுக்களைச் சில சமயம் திரளவைப்பதைக் கண்டவர்கள், அதை நோயின் அறிகுறி என்றே எடுத்துக்கொண்டார்கள். உறைந்த பிறகு ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த திரவத்தைத்தான் சீரம் என்கிறோம்.

வியன்னாவில் இருந்த கார்ல் லாண்ட்ஸ்டைனர் வேறு மாதிரி யோசித்தார். நோயாளிகளை விட்டுவிட்டு, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த தன் சக ஆய்வாளர்களிடமும் தன்னிடமும் ரத்தம் எடுத்தார். ஒவ்வொருவர் சீரத்தையும் ஒவ்வொருவர் சிவப்பணுக்களோடும் கலந்து கட்டம் போட்டுக் குறித்தார். அவரிடம் நீலக் குப்பியும் மஞ்சள் குப்பியும் கிடையாது. ஒருவருடைய சீரமே இன்னொருவருக்குச் சோதனைத் திரவம். 1901இல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் தலைப்பிலேயே ‘இயல்பான மனித ரத்தம்’ என்ற சொற்கள் இருக்கின்றன. திரட்சி நோய் அல்ல, மனிதருக்கு மனிதர் உள்ள இயல்பான வேறுபாடு என்பதுதான் அவர் கண்டது.

அந்தக் கட்டங்களில் ஓர் ஒழுங்கு இருந்தது. யாருடைய சீரமும் அவரவர் அணுக்களைத் திரளவைக்கவில்லை. ஏ அணு உள்ளவர் சீரம் பி அணுக்களைத் திரளவைத்தது, பி அணு உள்ளவர் சீரம் ஏ அணுக்களை. மூன்றாவது கூட்டத்தின் சீரம் இரண்டையும் திரளவைத்தது, ஆனால் அவர்களுடைய அணுக்களை எதுவும் திரளவைக்கவில்லை. அதற்கு அவர் சி என்று பெயரிட்டார். அதுதான் பிற்பாடு ஓ ஆனது. மறு ஆண்டே டெகாஸ்டெல்லோவும் ஸ்டுர்லியும் நான்காவது கூட்டத்தைக் கண்டார்கள், அது ஏபி. லாண்ட்ஸ்டைனருக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14 இன்று உலக ரத்தக் கொடையாளர் தினம்.

உறைதலும் திரட்சியும் வேறு வேறு என்பதற்கு வரலாறே தரும் சாட்சியும் உண்டு. திரட்சியின் விதி 1901இல் தெரிந்துவிட்டது. ஆனாலும் ரத்தத்தைப் பாட்டிலில் சேமிக்க முடியவில்லை, வெளியே எடுத்ததும் உறைந்துவிடும். 1914இல் பெல்ஜியத்தில் ஆல்பர்ட் ஹஸ்டினும் அர்ஜென்டினாவில் லூயிஸ் அகோட்டேயும் சோடியம் சிட்ரேட் சேர்த்து உறையாமல் வைத்து ஏற்றிக்காட்டினார்கள். சிட்ரேட்டும் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உப்புதான். இரண்டு பூட்டுகளையும் தனித்தனியாகத் திறந்த பிறகுதான் ரத்த வங்கி சாத்தியமானது. உறைதல்தான் திரட்சி என்றால், சிட்ரேட் கலந்த ரத்தத்தை யாருக்கு வேண்டுமானாலும் ஏற்றியிருக்கலாமே!

அப்படியானால், தவறான வகை ரத்தம் ஏற்றினால் உடம்பில் என்னதான் நடக்கிறது? ஏ வகை உள்ளவருக்குப் பி ரத்தம் ஏற்றிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவருடைய பிளாஸ்மாவில் ஏற்கெனவே ஆன்டி-பி இருக்கிறது. அது வந்திறங்கிய பி அணுக்களைப் பிடிக்கிறது. உடனே, கிருமிகளைக் கொல்வதற்காக ரத்தத்தில் தயாராக இருக்கும் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் விழித்துக்கொண்டு அந்த அணுக்களைத் துளைக்கிறது. அணுக்கள் உடைந்து உள்ளிருந்த ஹீமோகுளோபின் ரத்தத்தில் கொட்டுகிறது. காய்ச்சல், நடுக்கம், முதுகுவலி, சிறுநீர் கறுத்துப்போவது, சிறுநீரகம் பழுதடைவது எல்லாம் அதன் விளைவு. முதல் ஆபத்து அணுக்கள் உடைவதுதான்.

ஏ வகையினருக்குப் பி ரத்தம் ஏற்றாமலேயே ஆன்டி-பி எப்படி வந்தது என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். நம் குடலில் வாழும் பாக்டீரியாக்கள் சிலவற்றின் மேற்பரப்பிலும் ஏ, பி போன்ற சர்க்கரைகள் உண்டு. அவற்றைப் பார்த்துப் பழகிய உடல், தன்னிடம் இல்லாத சர்க்கரைக்கு எதிராக ஆன்டிபாடி செய்துகொள்கிறது என்பதுதான் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிறந்த குழந்தையிடம் இவை தானாக இருப்பதில்லை. சில மாதங்களில்தான் உருவாகின்றன.

இவ்வளவும் தெரிந்துவிட்டால், யார் யாருக்குக் கொடுக்கலாம் என்ற அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வாங்குபவரின் பிளாஸ்மாவில் என்ன ஆன்டிபாடி இருக்கிறது, கொடுப்பவரின் அணுவின்மேல் என்ன சர்க்கரை இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஓ நெகட்டிவ் அணுக்களில் ஏ, பி, டி எதுவும் இல்லாததால், வகை பார்க்க நேரமில்லாத அவசரத்தில் அவற்றை ஏற்றுகிறார்கள். ஏபி உள்ளவரின் பிளாஸ்மாவில் ஆன்டி-ஏயும் இல்லை, ஆன்டி-பியும் இல்லை. அதனால் எந்த ஏபிஓ வகை அணுக்களையும் அவர் தாங்குவார். ஆனாலும் மருத்துவமனையில் அதே வகையைத்தான் முதலில் தேடுவார்கள்.

மூன்றாவது துளியின் டி சற்று வேறு சாதி. அது சர்க்கரை அல்ல, அணுவின் தோலில் பதிந்த புரதம். டி இல்லாதவரிடம் ஆன்டி-டி இயல்பாக இருப்பதில்லை. டி உள்ள ரத்தம் உள்ளே வந்த பிறகே உருவாகும். அதுவும் ஐஜிஜி என்ற சிறிய வகை. நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குள் போகக்கூடியது. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் தாயிடம் கலந்து ஆன்டி-டி உருவாகி, அடுத்த பாசிட்டிவ் கருவைத் தாக்கலாம். அதைத் தடுக்கத்தான் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுகிறார்கள். உங்கள் வீட்டில் நெகட்டிவ் வகைப் பெண்கள் இருந்தால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம்.

ஆய்வக டைல் சொல்வதை அப்படியே அடையாள அட்டையில் எழுதிக்கொள்ளலாமா? வேண்டாம். அது கற்றுக்கொள்வதற்கான சோதனை. டி பலவீனமாக இருந்தால் டைலில் தெரியாமல் போகலாம். இதைவிட முக்கியமான காரணம் நம் நாட்டிலேயே கண்டறியப்பட்டது. 1952இல் ஒய்.எம். பெண்டேயும் அவருடைய குழுவினரும் அன்றைய பம்பாயில் ஒரு புதுமையான வகையைக் கண்டு வெளியிட்டார்கள். அந்த மனிதர்களின் சங்கிலியில் அடிப்படையான எச்சே இல்லை. எச் இல்லாததால் ஏயையும் பியையும் சேர்க்க இடமும் இல்லை. டைலில் இரண்டு துளிகளும் திரளாது, ஓ என்று எழுதிவிடுவோம். ஆனால் அவர்களுடைய பிளாஸ்மாவில் வலுவான ஆன்டி-எச் இருக்கும். ஓ அணுக்களில் நிறைந்திருப்பதே எச் என்பதால், ஓ ரத்தம் ஏற்றினாலும் அவர்களுக்கு ஆபத்து. பாம்பே வகை ரத்தம் தேவை என்று அவ்வப்போது வரும் வேண்டுகோள்களின் பின்னணி இதுதான்.

இந்த ஓட்டையை அடைக்க ரத்த வங்கியில் சோதனையை இரு திசையிலும் செய்கிறார்கள். நாம் டைலில் செய்தது முதல் திசை: தெரிந்த ஆன்டிபாடி, தெரியாத அணு. இரண்டாவது திசை அதன் மறுபக்கம்: உங்கள் பிளாஸ்மாவைத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள். லாண்ட்ஸ்டைனர் கட்டம் போட்டுச் செய்ததும் இதைத்தான். உண்மையான ஓ வகையினரின் பிளாஸ்மா ஓ அணுக்களைத் தொடாது. பாம்பே வகையினரின் பிளாஸ்மா அவற்றையும் திரளவைத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு திசை விடைகளும் பொருந்தினால்தான் வகையை எழுதுவார்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன் கொடுப்பவர் அணுவையும் வாங்குபவர் பிளாஸ்மாவையும் நேராகவே கலந்து பார்க்கும் கிராஸ் மேட்சும் உண்டு.

எனவே அடுத்த முறை ரெக்கார்ட் நோட்டில் ‘உறைந்தது’ என்பதை அடித்துவிட்டு, ‘திரட்சி உண்டு’, ‘திரட்சி இல்லை’ என்று எழுதுங்கள். பதினெட்டு வயது நிரம்பி, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது இருந்து, மருத்துவரும் சரி என்றால் ரத்த தானம் செய்யப் போங்கள். உங்கள் வகையை அங்கே முறையாகச் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். போகும் வழியில் யோசிக்க ஒரு கணக்கு: ஒருவருடைய ரத்தம் ஆன்டி-ஏயோடு மட்டும் திரள்கிறது, ஆன்டி-பி, ஆன்டி-டி இரண்டோடும் திரளவில்லை. அவருடைய பிளாஸ்மாவை ஏ, பி, ஓ அணுக்களோடு சேர்த்தால் எந்தக் குழாய் திரளும்? பி அணுக்கள் உள்ள குழாய் மட்டும் என்று உங்களுக்கே தோன்றியிருந்தால், ரத்த வங்கியின் டெக்னீஷியன் நினைப்பதைத்தான் நீங்களும் நினைக்கிறீர்கள்.